ட்ரெயின்ல பிள்ளைங்களோட புக் வாசிக்கிறப்ப இதையெல்லாம் செய்யாதீங்க

சென்னை பீச்-தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல கூட்டம் கம்மியா இருக்கிற நேரத்துல அப்பப்ப கண்ணுல படும், அம்மாவோ அப்பாவோ மடியில ஒரு புக்கை விரிச்சு வச்சிருப்பாங்க, பிள்ளை தோள்ல சாஞ்சு எட்டிப் பாத்துட்டிருக்கும். பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கும். ஆனா நிறைய பேர் கொஞ்ச நேரத்துலயே அதை டியூஷனா மாத்திடறாங்க, அதான் எனக்குத் தாங்கல.

மாம்பலத்துல ஏறின ஒரு சின்னப் பொண்ணு, கதையில கிழவி பானையைத் திறக்கப் போற இடத்துல 'கிளவி'ன்னு வாசிச்சுட்டா. அவ்ளோதான், அப்பா நிறுத்தி "நாக்கை மடி, ழ சொல்லு, திரும்ப சொல்லு"ன்னு ஆரம்பிச்சுட்டார், எதிர் சீட்ல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாக்க, கிண்டி வர்ற வரைக்கும் அவ வாயே திறக்கல. பானைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கடைசி வரை தெரியவே இல்ல. திருத்தணும்னா அடுத்த வரியை நீங்க வாசிக்கிறப்ப அந்த வார்த்தையை சரியா சொல்லிட்டு போங்க, பிள்ளை காதுல விழுந்தா போதும். நாலு பேர் முன்னாடி வேணாம்.

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினா "புக்கைப் பாரு"ன்னு தலையைத் திருப்புறதும் தப்பு. பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம்னு ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஷன் வருது, மஞ்சள் போர்டுல கறுப்புல இவ்ளோ பெரிய தமிழ் எழுத்து, அதை எழுத்துக்கூட்டறதும் வாசிப்புதானே. அதனால எங்க வேணா நிறுத்தக்கூடிய குட்டிக் கதையா எடுத்துட்டு போங்க.

பஸ்ல மட்டும் புக்கை வற்புறுத்தாதீங்க. கண்ணு ஆடாத பக்கத்தைப் பாக்குது, உள்காது வண்டி ஆடுதுன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகாம குமட்டல் வருது, 2 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் இது ரொம்ப அதிகம். கொட்டாவி, வேர்வை, முகம் வெளுக்கிறது இதெல்லாம் தெரிஞ்சா உடனே மூடி வச்சுட்டு தூரத்துல பாக்க சொல்லுங்க, கதையை வாயாலயே சொல்லுங்க.

போன்ல வாசிக்கிறவங்களுக்கு ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க ஃப்ரீயா இருக்கு, வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கலாம். ஸ்பீக்கர்ல அலற விடறது மட்டும் வேணாம், வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனையும் ஆஃப் பண்ணிடுங்க.

பக்கத்துல உக்காந்து பாக்கிற நமக்கும் இருக்கு. "எந்த ஸ்கூல், எத்தனாவது, எங்க இதை வாசி பாப்போம்"னு நடுவுல புகுந்து பரீட்சை வைக்காதீங்க. அழகா இருக்கேன்னு கேக்காம போட்டோ எடுத்து போடறது அதைவிட மோசம், பிள்ளை முகம், யூனிஃபார்ம், ஏறுற ஸ்டேஷன் எல்லாமே ஊருக்கே தெரிஞ்சு போகும். பிள்ளையும் பெத்தவங்களும் ஆளுக்கொரு பக்கமா உக்காந்திருந்தா உங்க சீட்டை மாத்திக் குடுங்க, அதைவிட பெரிய உதவி இல்ல.