பிரேஸ் மாட்டியும் நடுக்கம் நிற்கவில்லையா? பழைய எம்எக்ஸ்-5இல் நடக்கும் தவறுகள்

மூடியோடு இருக்கும் அட்டைப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் இரண்டு கைக்குள் நெளியும். கூரையில்லாத கார்களின் நிலையும் அதுதான். 1989 முதல் 2005 வரை வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முன்கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். இதைக் குறைக்கத்தான் பிரேஸ்கள், அதாவது உடலின் இரண்டு இடங்களை இணைத்து இறுக்கும் சட்டங்கள். ஆனால் ஒரு பிரேஸின் பலம் அதன் குழாயில் இல்லை. அது எந்த இரண்டு இடங்களை இணைக்கிறது, அந்த இடங்களில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

பானெட்டைத் திறந்ததும் தெரிகிற பார்

பலரும் முதலில் வாங்குவது இரண்டு ஷாக் டவர்களை, அதாவது ஷாக் அப்சார்பர்களின் மேல்முனை பூட்டியிருக்கும் மேடுகளை இணைக்கும் முன்பக்க பார். டொயோட்டா 86 போல முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையையும் ஷாக் அப்சார்பரே செய்யும் அமைப்பு) உள்ள காரில் இதற்கு நல்ல காரணம் உண்டு. வளைவில் சக்கரத்தைத் தள்ளும் பக்கவாட்டு விசையின் ஒரு பங்கு நேராக டவரின் தலைக்கே வருகிறது. பழைய எம்எக்ஸ்-5இல் நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு. மேல் கை, கீழ்க் கை இரண்டும் உடலுக்கு அடியில் உள்ள சப்ஃபிரேம் என்ற தனிச் சட்டத்தில் பூட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டு விசை அங்கே போய்விடும். டவருக்கு வருவது முக்கியமாக ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மேல்நோக்கித் தள்ளும் விசை. ஆகவே முன் டவர் பார் இந்தக் காரில் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். கார் நெளிவது கதவுகள் இருக்கும் நடுப்பகுதியில். செலவையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அப்படியே டவர் பார் வாங்கினாலும் என்ஜினைச் சுற்றிப் போவதற்காக வில்லாக வளைத்த குழாயைத் தவிர்க்கவும். அழுத்தம் வந்தால் நேரான குழாய் தாங்கும், வளைந்தது மேலும் வளையும். இரு முனையிலும் ஒற்றை போல்ட் கீல் வைத்த பார்கள் இழுவிசையையும் அமுக்கத்தையும் மட்டுமே கடத்தும். கீலில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அதையும் கடத்தாது.

மாஸ்டாவே சேர்த்ததைக் கவனிக்காமல் விடுவது

1994 மாடலில் 1.8 லிட்டர் என்ஜின் வந்தபோது, இருக்கைகளுக்குப் பின்னால் சீட்பெல்ட் டவர்களை இணைக்கும் சட்டத்தையும், முன்பின் சப்ஃபிரேம்களுக்கான சட்டங்களையும் நிறுவனமே சேர்த்தது. அதற்கு முந்தைய 1.6 லிட்டர் கார் வைத்திருப்பவர் பளபளக்கும் பாகங்களைத் தேடுவதற்கு முன், உடைத்து விற்கும் இடங்களில் இவை கிடைக்கின்றனவா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். தம் காரில் அவற்றுக்கான துளைகள் உள்ளனவா என்பதை மட்டும் முதலில் சரிபார்க்க வேண்டும்.

தரைக்கு அடியில்

இந்தக் காருக்கு அதிகப் பலன் தருபவை, காரின் தரைத் தகட்டுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் இரண்டு ஃபிரேம் ரெயில்கள் மேல் போர்த்தும் யு வடிவ உறைகளும், அவற்றைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே இணைக்கும் பட்டர்ஃபிளை பிரேஸும்தான். அதிகம் சொதப்புவதும் இதில்தான்.

அசல் ரெயில் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. ஜாக்கியை அதில் கொடுத்த யாரோ ஒருவரால் பெரும்பாலான கார்களில் அது ஏற்கெனவே நசுங்கியிருக்கும். நசுங்கலைத் தட்டி நேராக்காமல் உறையை மாட்டினால் அது தரையோடு ஒட்டாது. நடுவே இடைவெளி விட்டு போல்ட்டால் இழுத்துப் பிடித்திருக்கும். தூக்குவதற்கு உரிய இடங்கள் முன் சப்ஃபிரேமின் நடு, பின் டிஃபரென்ஷியல், பக்கவாட்டு மடிப்பில் குறித்த நான்கு இடங்கள். ரெயிலில் ஜாக்கியோ ஸ்டாண்டோ கூடாது.

துளையிடும் முன் இருக்கைகளையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டு, மேலே வயர், கீழே பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பார்க்கவும். உள்ளீடற்ற பகுதிக்குள் போல்ட் போனால் உள்ளே உருளைக் குழாய்த்துண்டு ஒன்று நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்க முடுக்கத் தகடு உள்வாங்கும். குறித்த இறுக்கம் வந்ததும் ஒலி தரும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும்; ஆனால் பிடிப்பு இருக்காது. தரையின் மேல்பக்கத்தில் வெறும் வாஷர் போதாது, 3 மி.மீ. தகடு வைத்துச் சுமையைப் பரப்பவும். துளை ஓரங்களில் பிரைமர், சீலன்ட், உறைக்குள் துருத்தடுப்பு மெழுகு. இவற்றை விட்டால் உறைக்கும் ரெயிலுக்கும் இடையில் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமல் அரித்துவிடும். பனிக்கு உப்பு தூவும் நாடுகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ‘சில்’ (கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி) பகுதி இந்தக் கார்களில் அழுகுவது பிரசித்தம். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, துரு இருந்தால் முதலில் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அழுகிய தகட்டில் எந்த பிரேஸும் நிற்காது.

சைலன்சர் குழாய்க்கும் பிரேஸுக்கும் இடையே 15 மி.மீ.யாவது விடுங்கள். என்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஆடும்போது குழாயும் ஆடும். தொட்டால் காருக்குள் உறுமும். புதிய பிரேஸ் தரும் ‘இறுக்கமான ஒலி’ என்று அதை நினைத்துக்கொள்பவர்களும் உண்டு!

தொங்கவிட்டு முடுக்குவது

எல்லாத் தவறுகளிலும் கேடானது இது. ஸ்டாண்டுகளில் நிற்கும் கார் கொஞ்சமாவது நெளிந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டுகளை இறுக்கினால், கோணலையே நிரந்தரமாகப் பூட்டுகிறீர்கள். கதவு சாத்துவது கடினமாகும், வீல் அலைன்மென்ட்டும் ஒத்துவராது. போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி வைத்து, சமதளத்தில் நான்கு சக்கரமும் எடை தாங்கும்படி நிறுத்திவிட்டு இறுதியாக முடுக்கவும். சக்கரத்தைத் தாங்கும் நான்கு தூண் லிஃப்ட் இதற்கு உத்தமம். போல்ட் கையால் நுழையவில்லை என்றால் கம்பியால் நெம்பாமல், துளையை ஒரு மில்லிமீட்டர் நீட்டுங்கள். நீளம் மாற்றும் திருகு உள்ள பாருக்கும் இதே விதி: போல்ட் தானாக வழுக்கி நுழையும் நீளத்தில் லாக் நட்டை இறுக்கவும். திருகி டவர்களைத் தள்ளி வைத்தால், உடலில் தேவையற்ற அழுத்தத்தைத்தான் பூட்டுவீர்கள்.

8.8 கிரேடு எம்8 போல்ட்டுக்குச் சுமார் 25, எம்10க்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு. கிட்டோடு வந்த தாள் வேறு சொன்னால் தாளைக் கேட்கவும். நட் உட்காரும் இடத்தில் தடித்த பவுடர் பூச்சைச் சுரண்டிவிட்டு, மெல்லிய பிரைமர் போடவும்; பூச்சு அமுங்க அமுங்க நட் தளரும். டவர் பார் தகடு ஷாக்கின் மேல் திருகாணியில் கொஞ்ச நீளத்தைத் தின்றுவிடும். நட்டுக்கு வெளியே இரண்டு புரியாவது தெரிகிறதா என்று பாருங்கள். 100 கி.மீ. ஓட்டியபின் எல்லாவற்றையும் மறுபடி முடுக்கிப் பார்க்கவும்.

நடுக்கத்தின் காரணம் வேறாக இருக்கலாம்

சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள முப்பது வயது ரப்பர் புஷ், பேலன்ஸ் இல்லாத சக்கரம், காய்ந்துபோன டயர் மூன்றும் சேசிஸ் நடுக்கம் போலவே காட்டும். மணிக்கு 90–100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் துடித்தால் அது சக்கரம். பள்ளத்தில் மட்டும் கண்ணாடிச் சட்டம் ஆடினால்தான் உடல்.

அளந்து பார்ப்பதும் எளிது. கதவுகளைச் சாத்தி, முன் மூலை ஒன்றில், பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். கதவின் பின்விளிம்பு இடைவெளியை, டேப் ஒட்டிக் குறித்த இரண்டு இடங்களில், தூக்கும் முன்னும் பின்னும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டுக் கட்டு) அளந்து எழுதி வையுங்கள். பிரேஸ் மாட்டியபின் அதே மூலை, அதே உயரம், கூரையும் முன்பு இருந்தபடியே. இடைவெளி மாறும் அளவு குறையவில்லை என்றால், பிரேஸைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தோ, பூச்சு பிசகிப் பளபளத்தோ இருந்தால் அங்கேதான் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது.