சாபோ-34 சவ்வு வாயுவைப் பிரிக்கவில்லையா? படிகத்தைக் குறை சொல்லும் முன்

சாபோ-34 என்பது மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஜியோலைட் படிகம். அதை அலுமினாக் குழாய் மேல் மெல்லிய அடுக்காக வளர்த்தால், மீத்தேனிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் சவ்வு. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் விட்டம் 0.33 நானோமீட்டர், மீத்தேனுக்கு 0.38. சாபோ-34-இன் துளையும் ஏறக்குறைய 0.38 தான். கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருந்தும் பிரியவில்லை என்றால், பெரும்பாலும் வாயு துளை வழியாகப் போகவே இல்லை. படிகங்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் நழுவுகிறது.

இதைப் பிடிக்கச் சுலபமான நேரம், ஃபர்னஸில் வைப்பதற்கு முன். அப்போது துளைகளை டெம்ப்ளேட் மூலக்கூறு (படிகம் வளர அச்சாக இருந்த கரிம மூலக்கூறு, ஃபர்னஸ் சூட்டில்தான் வெளியேறும்) அடைத்திருக்கும். ஒரு பார் அழுத்த வித்தியாசத்தில் நைட்ரஜன் விட்டால் மறுபக்கம் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஓட்டை. அந்த நிலையில் மேலே இன்னொரு அடுக்கு வளர்த்துவிடலாம். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு ஃபர்னஸைத் திட்டுவார்கள்.

ஃபர்னஸும் சும்மா விடாது. சூட்டில் படிக அடுக்கும் அதைத் தாங்கும் அலுமினாக் குழாயும் ஒரே மாதிரி விரிவதில்லை, அவசரப்பட்டால் விரிசல்தான். நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 400 டிகிரியைத் தொடவே ஆறு மணி நேரம் தாண்டும், அங்கே 8 முதல் 10 மணி நேரம், இறக்கமும் அதே நிதானத்தில். ராத்திரி ஓடவிட்டுப் போகும்போது நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்: சில கன்ட்ரோலர்கள் கரண்ட் வந்ததும் நேராக 400-க்குப் பாயும். அந்த செட்டிங்கை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

சென்னைக்கே உரிய எதிரி ஈரம். சாபோ-34 தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மேசையில் திறந்து கிடந்த சவ்வில் கார்பன் டை ஆக்சைடு ஓட்டம் விழுந்துவிடும். அளக்கும் முன் உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் 150 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். சவ்வின் ஓரத்தை அடைக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைட்டான் என்ற ஃப்ளோரின் ரப்பராக இருக்கட்டும். சிலிக்கோன் ரப்பர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு கசியும்.

வாயு ஓட்டத்தை அளக்கும் சோப்புக் குமிழி மீட்டரும் ஏமாற்றும். 32 டிகிரி அறையில் அதனுள் இருக்கும் வாயுவில் ஏறக்குறைய 5 சதவீதம் நீராவி, கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாயுக்களையும் தனித்தனியே விட்டு விகிதம் போடுவதோடு நிறுத்தாதீர்கள், கலவையாகவும் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் ஓட்ட விகிதம் 0.6-ஐ (மூலக்கூறு எடை வித்தியாசத்தால் மட்டும் வரும் விகிதம்) ஒட்டி வந்தால் எல்லாம் விரிசல் வழியாகத்தான் போகிறது. கோயம்பேட்டுக் காய்கறிக் கழிவு மாதிரியானவற்றிலிருந்து வரும் பயோகேஸ் என்றால், சிலிண்டர் வாயுவில் கிடைத்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது ஈரத்தோடும் ஹைட்ரஜன் சல்பைடோடும் வரும். இரண்டையும் எடுத்த பிறகே சவ்வுக்கு அனுப்புங்கள்.