நாலைந்து நாள் கரன்ட் இல்லையென்றால் மின்சார வண்டியை வைத்துச் சமாளிப்பது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படி ஒரு புயல் இப்போது வந்தால் மின்சார வண்டி வைத்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார் என்கிறார்கள். பாதிதான் உண்மை. கரன்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் இல்லாத பெட்ரோல் பங்கும் ஓடாது.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே நூறு சதவீதம் ஏற்றிவிடுங்கள். எண்பதோடு நிறுத்தும் பழக்கமெல்லாம் பேட்டரி ஆயுளுக்காக, சில நாள் மீறினால் ஒன்றும் ஆகாது. ஏற்றியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம். ஐபி67 என்று விளம்பரத்தில் போடுவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை, இரண்டு நாள் வெள்ளத்தில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் இல்லை. மூழ்கிய வண்டியைச் சார்ஜில் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் கணக்கு. ஸ்கூட்டர் பேட்டரி சுமார் மூன்று யூனிட், அதில் நிதானமாக ஓட்டினால் நூறு கிலோமீட்டர் பக்கம் போகலாம். அதை ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முப்பது சதவீதத்தைத் தொடாமல் விடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஸ்கூட்டரை ஏற்றலாமா என்றால், 150 ஏஎச் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான், அதையும் முழுசாக எடுக்க முடியாது, ஸ்கூட்டர் கொஞ்சம் ஏறுவதற்குள் வீடு இருட்டாகிவிடும். பேட்டரியைக் கழற்றும் வகை வண்டி என்றால் கவலை குறைவு, கரன்ட் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கோ ஜெனரேட்டர் ஓடும் கல்யாண மண்டபத்துக்கோ தூக்கிக்கொண்டு போகலாம்.

கார் வேறு கதை. முப்பது, நாற்பது யூனிட் இருக்கும். ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை யூனிட், கரன்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் முப்பது வாட் சொச்சம், எல்இடி விளக்கும் ஃபோனும் கணக்கிலேயே வராது. ஆக மூன்று நாலு நாள் தாராளம். ஆனால் உங்கள் காரில் வி2எல் வசதி, அதாவது கார் பேட்டரியிலிருந்து வெளிச் சாமான்களுக்குக் கரன்ட் எடுக்கும் வசதி, இருக்க வேண்டும், புது நெக்ஸான் ஈவி போன்ற சிலவற்றில்தான் உண்டு, அதற்கான அடாப்டர் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துச் சாமானை நேராக மாட்டுங்கள். வீட்டு பிளக் பாயிண்டில் திருப்பிச் செருகி வீடு முழுக்கக் கரன்ட் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது வெளி லைனுக்குப் போய்க் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வெளி லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், லைனில் கரன்ட் போனதும் தானே நின்றுவிடும், பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருந்தால்தான் பகலில் வண்டிக்கு ஏற்ற முடியும். சின்ன ஜெனரேட்டரில் ஸ்கூட்டர் ஏறும். கார் சார்ஜர் எர்த் சரியில்லையென்றால் பெரும்பாலும் ஏற்றவே மறுக்கும், எலக்ட்ரீஷியனை வைத்து முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் வந்ததும் ஓடிப்போய்ச் செருகாதீர்கள், ஆரம்பத்தில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும். ஒரு மணி நேரமாவது விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் ஸ்கூட்டர், பிறகு கார்.