கிள்ளான் பள்ளத்தாக்கின் பாறைகளைப் படிப்பது எப்படி?

கோலாலம்பூரின் நடுப்பகுதியில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான் அடிப்பாறை. சேறும் மணலும் சிமெண்டும் அதை மூடிவிட்டதால், அதே கல் தலைநீட்டும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். மலையில் தொடங்கி ஆற்றோடு இறங்குவோம்.

1. எடுத்துக்கொள்ள வேண்டியவை
இரும்பு ஆணி, வினிகர், பூதக்கண்ணாடி. சுத்தியல் வேண்டாம்.

2. ஹுலு கோம்பாக்: கருங்கல்
கோம்பாக் ஆற்றோரம் கிடக்கும் உருண்டைப் பாறையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கிய கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாக, தட்டையான முகத்தோடு மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புச் செதில் மைக்கா. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெதுவாக இறுகிய பாறைக் குழம்பு இது. மெதுவாக ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்தன. மலைப்பக்கம் மேகம் கறுத்தால் உடனே கரையேறிவிடுங்கள், தண்ணீர் திடீரென்று வரும்.

3. பத்துமலை: சுண்ணாம்புக்கல்
272 படிகளில் ஏறுவது உங்கள் விருப்பம். சோதனைக்குக் கீழே சாலையோரம் உதிர்ந்த சில்லு போதும். கோயில் மலையைச் சுரண்டாதீர்கள். சில்லில் ஆணியால் கீறுங்கள், எளிதில் கீறல் விழும். அந்தப் பொடியில் வினிகர் விட்டால் குமிழி கிளம்பும். பொடியாக்காமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, "இது சுண்ணாம்பே இல்லை" என்று ஏமாறுவீர்கள். இந்தக் கல்லுக்கு வயது 40 கோடி ஆண்டுக்கு மேல். பின்னால் வந்த கருங்கல் குழம்பின் சூட்டில் வெந்து, பல இடங்களில் பளிங்காகிவிட்டது. மழைநீரின் இலேசான அமிலம் கரைத்துத்தான் குகைகள் உண்டாயின.

4. தாமான் மெலாவத்தி: வெள்ளை முதுகு
இங்கிருந்தே புக்கிட் தாபூர் என்ற மலைமுகடு தெரியும். ஏற வேண்டாம், வழுக்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. பூமிப் பிளவில் சூடான நீர் படியவைத்த குவார்ட்ஸ் இது, 14 கி.மீ.க்கு மேல் நீளம். ஆணி கீறாது, ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டும். சுற்றியிருந்த பாறை தேய்ந்தும் இது நின்றுவிட்டது. கிள்ளான் ஆறு இதை அறுத்துக்கொண்டு வரும் இடுக்கில்தான் 1958இல் அணை கட்டினார்கள்.

5. மஸ்ஜிட் ஜாமெக்: கூடுதுறை
கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடம். பாறை ஒன்றும் தெரியாது, ஆனால் எனக்குப் பிடித்த நிறுத்தம் இதுதான். கருங்கல் மலைகளிலிருந்து அரித்து வந்த வெள்ளீயத் தாது கனமானது. அதனால் தண்ணீரோடு ஓடாமல் பள்ளத்தாக்கின் சரளையில் தங்கியது. 1857இல் அதைத் தேடி அம்பாங்குக்குப் போனவர்கள் இறங்கியதும் இந்தக் கரையில்தான். மண்ணைத் தோண்டித் தாதெடுத்த சுரங்கங்களில், கீழேயிருந்த சுண்ணாம்புக்கல் கூர்கூராக வெளிப்பட்டது. ஓரிடத்தில் மேலே நிற்கும், பக்கத்திலேயே அதலபாதாளத்துக்கு இறங்கும்.

இரட்டைக் கோபுரம் கட்டியவர்களுக்கும் இதே தலைவலி. முதலில் பார்த்த இடத்தில் பாறை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் மிக ஆழமாகவும் இருந்ததால், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். அடித்தளத் தூண்கள் இன்றும் பாறையைத் தொடவில்லை. சில தூண்கள் 100 மீட்டருக்கு மேல் இறங்கியும், சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பில்தான் நிற்கின்றன.