பயாஸ் ஐசியில் எழுதும் முன்: ஃபிளாஷ்ராம் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர் பட்டனை அழுத்தியதும் கணினியில் முதலில் ஓடும் ஃபர்ம்வேர் (பயாஸ்), மதர்போர்டில் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன ஃபிளாஷ் ஐசியில் இருக்கிறது. அந்த ஐசியைப் படிக்க, அழிக்க, எழுத உதவும் கட்டற்ற மென்பொருள்தான் ஃபிளாஷ்ராம். இன்று கோர்பூட் என்று அழைக்கப்படும் கட்டற்ற ஃபர்ம்வேர் திட்டம் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் இருந்த நாட்களில் அதன் துணைக்கருவியாகப் பிறந்தது. எழுதும் முன் ஐசியில் இருப்பதைப் படித்துக்கொள்ளும், மாறியிருக்கும் பகுதிகளை மட்டும் அழித்து எழுதும், முடிந்ததும் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். இவ்வளவு கவனமான கருவியை வைத்துக்கொண்டும் போர்டுகள் செத்துப்போகின்றன. காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் எழுதும் கட்டத்தில் இருக்காது. அதற்கு முன்னால், சரியாகப் படிக்காமல் விட்ட இடத்தில் இருக்கும்.

பேக்கப் எடுக்காமல் எழுதுவதுதான் பெரிய தவறு. "கம்பெனி தளத்தில் பயாஸ் ஃபைல் கிடைக்கிறதே, அப்புறம் எதற்கு பழையது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஃபைலில் உங்கள் போர்டுக்கே உரிய விஷயங்கள் இருக்காது. இன்டெல் போர்டு என்றால் உள்ளமைந்த ஈதர்நெட்டின் மேக் முகவரி ஐசியில் தனிப் பகுதியாக இருக்கும். சீரியல் எண், பல லேப்டாப்களில் விண்டோஸ் உரிமச் சாவி, அந்தப் போர்டுக்கென அமைக்கப்பட்ட மேனேஜ்மென்ட் எஞ்சின் (இன்டெல் மெஷின்களில் தனியாக ஓடும் சிறு கட்டுப்பாட்டு அமைப்பு) பகுதி எல்லாமே அதே ஐசிக்குள்தான். அதே மாடல் வேறொரு லேப்டாப்பின் டம்ப்பை (ஐசியிலிருந்து படித்தெடுத்த நகலை) வாங்கி எழுதினால் மெஷின் ஓடலாம், ஆனால் அந்த மெஷினின் அடையாளங்களும் சேர்ந்து வந்துவிடும். உங்களுடையது போனது போனதுதான்.

பேக்கப் எடுத்தேன் என்பவர்களிலும் பலர் அதைச் சோதிப்பதில்லை. ஐசியின் கால்களைக் கவ்விப் புரோகிராமரோடு (ஐசியைப் படித்து எழுதும் வெளிக்கருவி) இணைக்கும் கிளிப் லேசாக நழுவினாலும் ஃபைல் உருவாகும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே குப்பை இருக்கும். அதனால் குறைந்தது இரண்டு முறை படியுங்கள். நடுவில் கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இரண்டு ஃபைல்களின் ஷா-256 கூட்டுத்தொகையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தொடர்பே இல்லாத ஐசியைப் படித்தால் ஒவ்வொரு முறையும் முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்கப் பூஜ்யம் வரலாம். அந்த ஃபைல்களும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர் போன்ற எழுத்துகள் தென்பட வேண்டும். இன்டெல் போர்டின் முழு டம்ப் என்றால் கோர்பூட்டுடன் வரும் ஐஎஃப்டிடூல் என்ற கருவி அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அப்படிச் சோதித்த ஃபைலை வேறொரு கணினியிலோ பென்டிரைவிலோ வையுங்கள். பழுது பார்க்கும் லேப்டாப்பின் வட்டிலேயே வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைக்காது.

அடுத்தது மின்னழுத்தம். இந்த ஐசிகளில் பல 3.3 வோல்ட் வகை. ஆனால் புதிய லேப்டாப்களில் 1.8 வோல்ட் ஐசிகளும் நிறைய வருகின்றன, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணில்தான். விண்பாண்ட் நிறுவனத்தின் டபிள்யூ25கியூ64எஃப்வி 3.3 வோல்ட், டபிள்யூ25கியூ64எஃப்டபிள்யூ 1.8 வோல்ட். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் மாட்டினால் ஐசி போய்விடக்கூடும். 1.8 வோல்ட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்தப் போர்டு ஐசிக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட்டை அனுப்புகிறது. பல ஐசிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. போர்டிலேயே வைத்துக் கிளிப் போடும்போது அதே 5 வோல்ட் சிப்செட்டின் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டு ஐசி) கால்களுக்கும் போகிறது என்பதுதான் எனக்குப் பயம். டேட்டா கால்களை மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிட்டு இணையுங்கள். 5 வோல்ட் காட்டினால் அதைத் திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள். ராஸ்பெரி பை இருந்தால் வேலை சுலபம். அதன் எஸ்பிஐ (இந்த ஐசிகளோடு பேசும் தொடர் இணைப்பு) கால்கள் 3.3 வோல்ட்டிலேயே இயங்குகின்றன, ஃபிளாஷ்ராமும் அதை நேரடியாக ஆதரிக்கிறது.

கிளிப் போடும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றியாக வேண்டும். 1ஆம் காலைக் குறிக்கும் புள்ளியைப் பார்த்து மாட்டுங்கள். 3ஆம் காலும் 7ஆம் காலும் எழுத்துத் தடைக்கும் (ஐசியில் எழுதவிடாமல் தடுப்பது) பரிமாற்றத்தை நிறுத்தி வைப்பதற்கும் உரியவை. போர்டிலிருந்து கழற்றிய ஐசியில் அவற்றைத் தொங்கலில் விடாமல் மின்சாரக் காலோடு இணைக்க வேண்டும். ஐசியே கிடைக்கவில்லை என்று ஃபிளாஷ்ராம் சொன்னால் ஐசி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை, அல்லது வயர் நீளம், அல்லது புரோகிராமர் தரும் மின்சாரத்தை போர்டின் மற்ற பாகங்கள் இழுத்துக்கொள்கின்றன. வயரைக் குறைத்து, எஸ்பிஐ வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். சில போர்டுகளில் என்ன செய்தாலும் சிப்செட் குறுக்கே வரும். அங்கே ஐசியைக் கழற்றித்தான் படிக்க முடியும்.

ஐசியின் பெயரில் உள்ள எண் மெகாபிட் கணக்கு என்பதையும் மனதில் வையுங்கள். 64 என்றால் 8 மெகாபைட், 128 என்றால் 16 மெகாபைட். திங்க்பேட் எக்ஸ்230 போன்ற மாடல்களில் 8 மெகாபைட், 4 மெகாபைட் என இரண்டு ஐசிகள் சேர்ந்து 12 மெகாபைட்டாக இருக்கும். ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பேக்கப் முடிந்தது என்று நினைப்பது அங்கே வழக்கமான தவறு.

இந்த ஐசிக்குப் பல வரையறைகள் பொருந்துகின்றன, ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஃபிளாஷ்ராம் கேட்பதுண்டு. மேக்ரோனிக்ஸ் நிறுவன ஐசிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம், ஏனெனில் வெவ்வேறு வகை ஐசிகள் ஒரே அடையாள எண்ணைத் தருகின்றன. பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளாமல், டார்ச்சும் லென்ஸும் எடுத்து ஐசியின் மேல் உள்ள எண்ணைப் படித்து அதற்குரியதைக் கொடுங்கள்.

வெளிப் புரோகிராமர் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள்ளிருந்தே எழுதுவது வசதிதான். ஆனால் லேப்டாப்களில், குறிப்பாகப் பழையவற்றில், கீபோர்டு, பேட்டரி, மின்விசிறி ஆகியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலரும் தன் நிரலை அதே ஐசியில் வைத்திருக்கக்கூடும். நீங்கள் எழுதும் நேரத்தில் அதற்கு அங்கிருந்து ஏதாவது தேவைப்பட்டால் மின்விசிறி நிற்கலாம், மெஷின் சட்டென்று அணையலாம். சில நேரம் படிப்பதுகூட அதைக் குழப்பும். அதனால்தான் அப்படிப்பட்ட லேப்டாப்பில் ஃபிளாஷ்ராம் ஐசியைத் தேடுவதை எஸ்பிஐ வழியோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தத் தடையை மீறும் வழியை இணையத்தில் பார்த்து அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். இன்டெல் மெஷின்களில் மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி உள்ளிருந்து பூட்டப்பட்டிருப்பதும் சாதாரணம். அப்போது பயாஸ் பகுதியை மட்டும் குறிப்பிட்டு வேலை செய்ய வேண்டும், முழு ஐசியையும் எழுத முயலக் கூடாது.

கம்பெனியிலிருந்து இறக்கிய அப்டேட் ஃபைல் நேரடியாக எழுதத்தக்க இமேஜாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கேப்சூல் வடிவ ஃபைல்களில் முன்னால் கூடுதல் தலைப்பு இருக்கும், அளவு ஐசியோடு பொருந்தாது, ஃபிளாஷ்ராம் மறுக்கும். ஃபைலின் வாலில் எதையாவது ஒட்டியோ வெட்டியோ அளவைச் சரிக்கட்டினால் எல்லாம் இடம் மாறி உட்காரும்.

எழுதியபின் நடக்கும் சரிபார்ப்பை நேரம் மிச்சமாகட்டும் என்று நிறுத்துவதில் ஒரு லாபமும் இல்லை. அந்தச் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

எல்லாம் செய்தும் பாதியில் தோல்வி வந்தால் ரீபூட் செய்யாதீர்கள், மெஷினை அணைக்காதீர்கள். ஃபிளாஷ்ராமும் அதைத்தான் திரையில் சொல்லும். உள்ளிருந்து எழுதிக்கொண்டிருந்தால் கணினி இன்னும் நினைவகத்திலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மறுபடி முயலலாம். முதலில் பேக்கப் ஃபைலைத் திரும்ப எழுதிப் பாருங்கள். அதுவும் தோற்றால் விரிவான பதிவை ஒரு ஃபைலில் சேமித்து, எந்த முகவரியில் தடுக்கிறது என்று பாருங்கள். எழுத்துத் தடை போடப்பட்டிருந்தால் புதிய பதிப்புகளில் அதன் நிலையைக் காட்டவும் நீக்கவும் வசதி இருக்கிறது. அதற்குள் கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டால், கிளிப்பை எடுத்து, சோதித்து வைத்த பேக்கப்பை வெளியிலிருந்து எழுத வேண்டியதுதான்.