சூரியப் பாயில் ஆட்களை அனுப்புவது எப்படி: பரப்பு, சமநிலை, கதிர்வீச்சுக் கணக்கு

சூரியப் பாய் என்பது, தன்மேல் படும் சூரிய ஒளியின் தள்ளுவிசையால் விண்கலத்தை இழுத்துச் செல்லும், கண்ணாடிபோல் எதிரொளிக்கும் மெல்லிய படலம். அதில் ஆட்களைச் செவ்வாய்க்கு அனுப்புவது பற்றிய கணக்கு இது. இதற்கு எரிபொருள் வேண்டாம். ஆனால் ஒளியின் தள்ளுவிசை மிகச் சிறியது. பூமி இருக்கும் தொலைவில், முழுதாக எதிரொளிக்கும் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 9 மைக்ரோநியூட்டன். ஒரு சதுர கிலோமீட்டர் பாய் விரித்தாலும் விசை ஒரு லிட்டர் தண்ணீரின் எடையை எட்டாது. படலம் உறிஞ்சும் ஒளியையும் சுருக்கங்களையும் கழித்துவிட்டு, சதுர மீட்டருக்கு 8.2 மைக்ரோநியூட்டன் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

முதல் வேலை பரப்பைக் கணக்கிடுவது. நான்கு பேர் தங்கும் கலம், உணவு, நீர், காற்று எல்லாம் சேர்த்து 50 டன் என்று கொள்வோம். பாயும் அதைத் தாங்கும் கம்பங்களும் சதுர மீட்டருக்கு 5 கிராம். நொடிக்கு நொடி 0.5 மில்லிமீட்டர் வேகம் கூட வேண்டுமென்றால் 44 லட்சம் சதுர மீட்டர் தேவை. அதாவது பக்கத்துக்கு 2.1 கிலோமீட்டர். பாயின் எடை மட்டும் 22 டன், மொத்தம் 72 டன், விசை 36 நியூட்டன். 2010-இல் ஜப்பானின் விண்வெளி அமைப்பான ஜாக்சா அனுப்பிய இக்காரோஸ் கலத்தின் சூரியப் பாய், பக்கத்துக்கு 14 மீட்டர் கொண்டது. நமக்கு வேண்டியது பரப்பில் அதைப்போல் 22,000 மடங்கு.

அந்த 5 கிராமுக்குள் அடக்குவதும் எளிதல்ல. இக்காரோஸின் பாலிஇமைடு (ஒருவகை பிளாஸ்டிக்) படலத்தின் தடிமன் 7.5 மைக்ரான், அதுவே சதுர மீட்டருக்கு 10 கிராமைத் தாண்டும். ஆகவே 2 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். சூரியனைப் பார்க்கும் பக்கத்தில் 100 நானோமீட்டர் அலுமினியம், பின்பக்கத்தில் வெப்பத்தை வெளிவிடக் குரோமியம். கிழிசல் பரவாமல் தடுக்க, குறிப்பிட்ட இடைவெளிகளில் வலு நாடா ஒட்டுங்கள். மடிப்புகளுக்குள் காற்று சிக்கினால், ராக்கெட் மேலே போகும்போது அது விரிந்து படலத்தைக் கிழித்துவிடும். காற்று வெளியேற வழிவிட்டே மடிக்க வேண்டும்.

விரிக்கும் இடம் 1,000 கிலோமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. சுமார் 800-க்குக் கீழே மெல்லிய காற்றின் இழுவை ஒளியின் தள்ளுவிசையை மிஞ்சிவிடும். விரிக்க இரண்டு வழிகள் உண்டு: சுழற்றி விரிப்பது (இக்காரோஸ் வழி), கம்பம் நீட்டி விரிப்பது. சுழற்றினால் கம்பத்தின் எடை மிச்சம், ஆனால் திசை திருப்புவது மந்தமாகும். கம்பமோ வளையும். நாசா 2024-இல் விரித்த 80 சதுர மீட்டர் பாயிலேயே ஒரு கம்பம் வளைந்துதான் போனது. கிலோமீட்டர் அளவுக் கம்பத்தில் வெயில் படும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடே அதை வளைக்கப் போதும்.

பலரும் கவனிக்காமல் விடுவது சமநிலை. விசை செயல்படும் மையமும் கலத்தின் எடை மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் விலகினால் 36 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் திரும்பிவிடாமல் காக்கும் நான்கு பெரிய சுழல்சக்கரங்களையும் தூக்கி வந்து வைத்தாலும், அவை சுமார் 9 நிமிடத்தில் நிரம்பி, அதற்குமேல் திருப்புவிசையைத் தாங்க முடியாமல் போகும். ஆட்கள் நடமாடுவதும் கணக்கில் வரும்: நான்கு பேரும் கலத்தின் ஒரு கோடியிலிருந்து 10 மீட்டர் நகர்ந்தால் எடை மையம் 4 சென்டிமீட்டர் இடம் மாறும். ஆகவே சக்கரங்களை மட்டும் நம்பாதீர்கள். நகரும் எடை ஒன்று, பாயின் நுனிகளில் திருப்பக்கூடிய சிறு பாய்கள், இக்காரோஸ் ஓரத்தில் இருந்ததுபோல் எதிரொளிப்பை மாற்றும் திரவப் படிகத் தகடுகள், இந்த மூன்றும் வேண்டும். குடிநீரைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றியும் எடை மையத்தைச் சரிசெய்யலாம்.

பாயைச் சூரியனுக்கு நேராக வைப்பதால் பயன் குறைவு. அந்த நேர் நிலையிலிருந்து 35 பாகை சாய்த்தால்தான் சுற்றுப்பாதை வழியே அதிக விசை கிடைக்கும். கலம் சுற்றும் திசையில் முன்னே தள்ளினால் அது வெளியே போகும், பின்னே தள்ளினால் சூரியனை நோக்கி உள்ளே வரும். அப்போதும் பயன்படுவது 38 சதவீதம்தான்: நாளுக்கு 17 மீட்டர்/நொடி. பூமிக்கும் செவ்வாய்க்கும் சுற்றுவேக வேறுபாடு நொடிக்கு 5.7 கிலோமீட்டர். இதே விசை நீடித்தால்கூட 340 நாள். செவ்வாய் அருகே ஒளி 43 சதவீதமாகக் குறைவதால் நடைமுறையில் 500 நாளை ஒட்டி வரும்.

சிக்கல் அங்கேதான். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). 500 நாளுக்கு 900. நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுதும் அனுமதிப்பது 600. பூமியை விட்டு வெளியேறப் பாய்க்கு ஆகும் காலம் தனி. பூமியைச் சூழ்ந்துள்ள, கதிர்வீச்சு மிகுந்த வான் ஆலன் பட்டைகள் வழியாக ஒரு வருடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். அந்தக் கட்டத்தில் கலத்தில் யாரும் இருக்கவே கூடாது.

எனவே ஆட்களை ராக்கெட்டில் அனுப்புங்கள், சரக்கைப் பாயில் அனுப்புங்கள். 10 டன் சரக்கு, நொடிக்கு நொடி 0.3 மில்லிமீட்டர் வேகம் கூட வேண்டும் என்றால் பக்கத்துக்கு 670 மீட்டர் போதும், பாயின் எடை 2.2 டன். சேரும்போது வேகம் செவ்வாயோடு ஒத்துப்போவதால், பாயைக் கழற்றிவிட்டு வெப்பக் கவசத்தோடு நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கலாம். ராக்கெட் கிளம்ப ஏற்ற நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பாயை இரண்டு மூன்று வாய்ப்புகள் முன்பாகவே அனுப்பி, சரக்கு தரையிறங்கிச் செயல்படுகிறது என்ற செய்தி வந்த பிறகே ஆட்களை ஏற்றுங்கள்.