ஓ.ஆர்.எம். பயன்படுத்தும் மென்பொருளில் ஸ்டோர்டு புரொசீஜரைச் சேர்ப்பது எப்படி?

வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன்பே எழுதப்பட்ட, தோல் வணிகர் ஒருவரின் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகளைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, வாலாஜா முகவரிகளை ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் மாற்றியாக வேண்டும். ஓ.ஆர்.எம். (நிரலின் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் கருவி) வழியாக ஒவ்வொரு முகவரியையும் நினைவகத்துக்கு ஏற்றித் திருத்திச் சேமிப்பது வீண் வேலை. தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்பட்டு அங்கேயே இயங்கும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜர் அதை ஒரே அழைப்பில் முடித்துவிடும். ஒற்றை ரசீதைத் திருத்துவது போன்ற அன்றாட வேலைகளை ஓ.ஆர்.எம்-இடமே விட்டுவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் ஓ.ஆர்.எம்-உம் புரொசீஜரும் சந்திக்கும் எல்லைதான். ஆம்பூர் வணிகர் ஒருவரின் பதிவை, ஜாவா மொழிக்கான ஓ.ஆர்.எம். ஆன ஹைபர்நேட் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும்போது புரொசீஜர் ஓடினால், தரவுத்தளத்தில் ‘திருப்பத்தூர்’ என்று மாறியிருக்கும். நினைவகத்திலோ ‘வேலூர்’ என்றே இருக்கும். அதன்பின் அவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் திருத்திச் சேமித்தாலும், ஹைபர்நேட் இயல்பாக எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தே எழுதுவதால் பழைய மாவட்டப் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

ஆகவே, ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக நிறைவேறும் அல்லது மொத்தமாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) முதலில் ஃபிளஷ் செய்து நிலுவையிலுள்ள மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள்; பிறகு புரொசீஜரை அழையுங்கள்; அது முடிந்ததும் கிளியர் செய்து, அதாவது நினைவகத்திலுள்ள பழைய பதிவுகளை அகற்றி, தேவையான பதிவுகளைப் புதிதாகப் படியுங்கள். பைத்தான் மொழிக்கான ஜாங்கோவிலும் சேவ் (save) இயல்பாக எல்லாப் புலங்களையும் எழுதும் என்பதால், அப்டேட் ஃபீல்ட்ஸ் (update_fields) கொடுத்து மாறிய புலத்தை மட்டும் எழுதச் சொல்வது நல்லது.

ஆனால் உங்கள் செஷனைக் (ஓ.ஆர்.எம். படித்த பதிவுகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) கிளியர் செய்வதால் வேறொரு பயனரின் செஷனில் இருக்கும் பழைய பதிவு மாறாது. அதற்கு, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஒன்று கூடும் எண்ணைக் கொண்ட வெர்ஷன் நெடுவரிசையே காவல். புரொசீஜரும் தான் மாற்றும் ஒவ்வொரு வரிசையிலும் அந்த எண்ணை ஒன்று கூட்டினால்தான், பழைய பதிவைச் சேமிக்க முயல்பவரை ஓ.ஆர்.எம். தடுத்து நிறுத்தும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 11-ஆம் பதிப்பு முதல் கால் (CALL) கட்டளையால் அழைக்கும் புரொசீஜர்கள் உண்டு. அவற்றுக்குள் கமிட் (டிரான்சாக்ஷனை உறுதிசெய்து முடிக்கும் கட்டளை) எழுதாதீர்கள். மென்பொருள் ஏற்கெனவே தொடங்கிய டிரான்சாக்ஷனுக்குள் அது பிழையாகிவிடும். புரொசீஜரின் நிரலை மைக்ரேஷன் கோப்பாக (தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கோப்பு) மற்ற நிரல்களுடன் கிட் (Git) என்ற நிரல் பதிப்புக் காப்பகத்தில் வையுங்கள். எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளத்தில் ஸ்டோர்டு புரொசீஜரே கிடையாது. எனவே சோதனைகளையும் போஸ்ட்கிரெஸிலேயே ஓட்டுங்கள்.